சாம்பலாகி வந்த வெள்ளைத் தாள்

இன்னைக்குக் காலையில கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு மொட்டை மாடியில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காத்து அளக்கும் மெஷினைத் திறந்தாங்க.

8 மணி நேரம் முன்னாடி வெச்ச வெள்ளைத் தாள் சாம்பலா வந்துச்சு. ரப்பர் அழுத்தின ஓரம் மட்டும் வெள்ளை.

கண்ணாடி இழைத் தாள், 8க்கு 10 அங்குலம். வைக்கிறதுக்கு முன்னாடியும் எடுத்த பின்னாடியும் டெசிகேட்டர்ங்கிற ஈரம் உறிஞ்சுற மூடின பாத்திரத்துல 24 மணி நேரம் ஈரம் போக வெச்சு எடை போடணும்.

நிமிஷத்துக்கு 1.1 கன மீட்டர் காத்தை இழுத்தா 8 மணி நேரத்துக்கு 528 கன மீட்டர். பிஎம் 10-க்கு, அதாவது 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண் தூசிக்கு, 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொட்டாலும் தாளில் சேர்றது 53 மில்லிகிராம்தானுங்க!

ஓரத்துல ஒரு நார் பிஞ்சா எடை தப்பு. தூசி அடைக்க அடைக்க இழுப்பு குறையும். அதை மணிக்கு மணி குறிக்கலைன்னா மாசு குறைவாத் தெரியும்.

வாரத்துக்கு 2 நாள், வருஷத்துக்கு 104 நாள்தான் இந்த அளவு. பவுண்டரியில் இரும்பு உருக்குற குப்போலா உலை மூட்டுறது வேற கிழமைன்னா அந்தப் புகை தாளில் ஏறாது.

அதுக்குத்தான் புகைபோக்கியிலேயே மாதிரி எடுக்கணும். அதுவும் உலை எரியிற நேரத்துல. புகையைத் தண்ணியால கழுவுற வெட் ஸ்கிரப்பர்ல தண்ணி ஓடுதான்னு அப்பத்தான் தெரியும்.