அவர் வரும் பக்கமிருந்து

மெக்சிகோவுக்குப் புறப்படும்போதே ஒன்றை முடிவு செய்திருந்தேன். பிரமிடுகளையும் தேவாலயங்களையும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், கேமராவை வழிகளுக்கு மட்டும்தான் எடுப்பது. தெரு, சந்து, முச்சந்தி, பலகை, வழி காட்டும் கை. பன்னிரண்டு நாள் பயணம், அக்டோபர் கடைசியிலிருந்து. 35 மி.மீ. லென்ஸ் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நல்ல படம் தரைக்கு அடியில் கிடைத்தது. மெக்சிகோ நகர மெட்ரோ 1969 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. படிக்கத் தெரியாதவர்களும் வழி தவறாமல் போய்வர வேண்டும் என்று அப்போதே ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரமும் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் வேலை அது. சாபுல்தெபெக் என்றால் நாவாட்டில் என்ற பூர்வகுடி மொழியில் வெட்டுக்கிளி மலை. அங்கே ஒரு வெட்டுக்கிளி. மெர்செட் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் பெரிய சந்தை. அதற்கு ஆப்பிள் நிரம்பிய பெட்டி. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, கதவுக்கு மேல் இருந்த வரைபடத்தில் பேரனின் விரலைப் பிடித்து ஒவ்வொரு சித்திரமாக நகர்த்திக்கொண்டு போனார். வெட்டுக்கிளியில் விரல் நின்றது. அங்கேதான் இறங்கினார்கள். படத்தில் இரண்டு விரல்களும் அந்தப் பூச்சியும் மட்டும்தான். இன்னும் அதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

தலைநகரில் மூன்று நாள். அப்புறம் இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் புவேப்லா.

1531இல் ஸ்பானியர்கள் கட்டம் போட்டு எழுப்பிய ஊர் இது. மையத்தில் தெருக்களின் பெயரே திசைதான். நோர்தே வடக்கு, சூர் தெற்கு, ஓரியெந்தே கிழக்கு, போனியெந்தே மேற்கு. அதோடு ஓர் எண். நடுச் சதுக்கத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் இரட்டைப்படை, தெற்கிலும் மேற்கிலும் ஒற்றைப்படை. ‘6 ஓரியெந்தே’ என்று சுவரில் எழுதியிருந்தால், நடுவிலிருந்து வடக்கே மூன்றாவது தெரு, கிழக்குப் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தத் தெரு முழுக்க மிட்டாய்க் கடைகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்து தாளில் சுருட்டிய கமோத்தே மிட்டாயைத் தின்றுகொண்டே, பெயர்ப்பலகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு ஒழுங்கான ஊரில் வழி கேட்கவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

ஆனால் அத்லிஸ்கோ போகும் வேன் எங்கே நிற்கும் என்பதைத் தெரு எண் சொல்லாதே. ஒரு செய்தித்தாள் கடைக்காரரிடம் கேட்டேன். “தோதோ தெரேச்சோ” என்றார். வலப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். தெரேச்சா என்றால்தான் வலது. தெரேச்சோ என்றால் நேரே. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். நான்கு தெரு தாண்டியபின் மருந்துக் கடையில் ஒரு பெண்ணிடம் மறுபடி கேட்டேன். அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்துக் காற்றை வெட்டுகிற மாதிரி முன்னால் நீட்டினார். பிறகு அதே கையை இடப்பக்கம் மடக்கினார். சுண்டுவிரலில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வாய் சொல்வதைவிடக் கை சொல்வதை நம்பினேன்.

அந்த வேனை அங்கே ‘கொம்பி’ என்கிறார்கள். போகிற ஊர்களின் பெயர்களை முன் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் காசு கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும், மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். கூட்ட நெரிசலில் டிக்கெட்டுக்குக் காசு கடத்திப் பழகிய நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தால் “பாஹான்!” என்று குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி தவழும். அந்த நேரத்துக்காகவே அங்கே வேர்க்கடலை விற்பவர்கள் நிற்கிறார்கள். அத்லிஸ்கோ நெருங்கும்போது போபோகாதெபெத்ல் எரிமலை ஜன்னலை நிறைத்தது. உச்சியில் மெல்லிய புகை. நான் அதை எடுக்கவில்லை, ஏனென்றால் சாலையின் இரண்டு பக்கமும் வயல் முழுக்கச் செண்டுமல்லி.

ஆயுத பூஜைக்கு லாரியின் முகத்தில் கட்டுகிறோமே, அதே பூ. மெக்சிகோதான் அதன் பிறந்த மண் என்பது அங்கே போகும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. செம்பசூச்சில் என்கிறார்கள், நாவாட்டிலில் ‘இருபது பூ’. அத்தனை இதழ் என்று பொருள். வண்டிக்குள் ஒரு மூதாட்டி மடியில் ஒரு கட்டு வைத்திருந்தார். கண்ணை மூடினால் அந்தக் கார வாசனையில் நான் எங்கள் ஊர்ப் பூக்கடையில் நிற்கிறேன்.

அத்லிஸ்கோவில் வண்டி மாறி உவாகெச்சூலா போனேன். அன்று நவம்பர் 1, இறந்தவர்கள் வீடு திரும்பும் ‘இறந்தோர் நாள்’. கடந்த ஓராண்டுக்குள் யாரையாவது இழந்த வீடுகளில் இந்த ஊர்க்காரர்கள் வெள்ளை சாட்டின் துணியால் அடுக்கடுக்காகப் பெரிய பீடம் கட்டுகிறார்கள். இறந்தவரின் புகைப்படம் கண்ணாடியில் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டு வாசலிலிருந்து தெருவரைக்கும் செண்டுமல்லி இதழால் ஒரு பாதை. இறந்தவர் வீட்டை அடையாளம் கண்டு வரும் வழி அது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கையில் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோனால் நல்லது. வந்தவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.

நான் போனபோது ஒரு வீட்டில் பாதை இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூவை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அடியை அழுத்தி ஒரு திருகு. இதழ் மொத்தமும் கையோடு வரும். பச்சைக் காம்பு ஒரு வாளியில், இதழ் ஒரு பிளாஸ்டிக் பேசினில். நகக்கண்ணெல்லாம் மஞ்சளேறியிருந்தது. ஒரு முழ அகலத்துக்குக் கொட்டி, உள்ளங்கையால் ஓரத்தைத் தட்டி நேராக்கி, தண்ணீர் தெளித்து, அடுத்த முழத்துக்கு நகர்ந்தார். பாதை அவர் கணவருக்கு.

நம் ஊரில் சாவு ஊர்வலம் போகிற சாலை முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கும். அது வீட்டிலிருந்து வெளியே போகிற வழி. என் அப்பாவுக்கும் அப்படித்தான் போட்டோம். மறுநாள் காலையில் அதன்மேல் பஸ் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வருகிற பூவழியை நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கேமராவைத் தொட முடியவில்லை.

பிறகு அனுமதி கேட்டேன். சரி என்று தலையாட்டினார். வாசற்படியில் ஏறி, தெருவைப் பார்த்து எடுக்கலாம் என்று போனேன். ஒளி அங்கிருந்து நன்றாக இருந்தது; பாதை தெருவில் போய் முடிவது சட்டத்துக்குள் அழகாக விழுந்தது. அந்த அம்மா “ஹோவென்” என்று கூப்பிட்டார். நம் ‘தம்பி’ மாதிரி ஒரு சொல். மஞ்சள் விரலால் தெருவைக் காட்டினார். அங்கே போய் நின்று எடு, அவர் அந்தப் பக்கமிருந்துதானே வருவார் என்றார். எனக்குப் புரிந்த ஸ்பானிஷ் அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

இதழை மிதிக்காமல் ஓரமாக நடந்து தெருவுக்குப் போனேன். தரையோடு தரையாகக் குனிந்தேன். எதிர்வெயில். அந்த அம்மாவின் பாதி முகம் இருட்டில் போனது. மஞ்சள் பாதை, திறந்த கதவு, உள்ளே இருட்டில் வெள்ளைத் துணி, பக்கத்தில் குனிந்த அந்த அம்மா. ஒரே ஒரு முறைதான் ஷட்டரை அழுத்தினேன்.

எழுந்திருக்கும்போது கொம்பி ஒன்று வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கித்தான் போனார். ஆனாலும் தெரு குறுகல். பின்சக்கரம் பாதையின் நுனியில் ஏறிவிட்டது. ஒரு கைப்பிடி இதழ் டயரோடு கொஞ்ச தூரம் போனது. அந்த அம்மா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து உட்கார்ந்து, அந்த ஒரு சாணை மறுபடி போட ஆரம்பித்தார். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வாளியை அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். ஒரு பூவை எடுத்து என் கையில் கொடுத்தார்.