பின் இருக்கைக் குரல்

முதியவர்களின் வாகனம் ஓட்டும் திறனை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், ஸ்டீயரிங் பிடிக்கும் விதத்தையும் கியர் மாற்றும் நேர்த்தியையும் பார்த்தே ஒருவரைக் கணித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தொடக்கநிலை அல்சைமர் நோய் கண்டறியப்பட்டு எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெரியவர் அந்த நினைப்பை மாற்றினார்.

மறதி நோயின் தீவிரத்தை 0 முதல் 3 வரை குறிக்கும் சிடிஆர் அளவுகோலில் அவர் 0.5 என்ற நிலையில் இருந்தார். இந்த நிலையில் உள்ளவர்களில் பலர் சாலைத் தேர்வில் தேறிவிடுவதால், நோயின் பெயரை மட்டும் வைத்துச் சாவியைப் பிடுங்குவது நியாயமில்லை. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் தாள் தேர்வில் (மொத்தம் 25 வட்டங்கள், 13 எண்கள், 12 எழுத்துகள்) மூன்று நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பார்கள். அவர் அதைத் தாண்டவில்லை, ஆனால் நெருங்கியிருந்தார்.

சாலையில் வண்டி குலுங்காமல் கிளம்பியது. பிரேக் பிடித்ததே தெரியவில்லை. இரட்டைப் பிரேக் உள்ள அந்தக் காரில் பயிற்றுநர் முன்னாலும், நானும் பெரியவரின் மனைவியும் பின்னாலும் அமர்ந்திருந்தோம். "சிக்னல் விழுந்துடுச்சுங்க", "அந்தப் பையன் குறுக்க வர்றான்" என்று அந்த அம்மா அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்ததை, நீண்ட தாம்பத்தியத்தின் தொணதொணப்பு என்றே எடுத்துக்கொண்டு, 'நன்று' என எழுதிவிட்டேன். அது என் பிழை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்வது எங்கள் வழக்கம். அடுத்த முறை, என்ன நடந்தாலும் பேசக் கூடாது என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். எதிர்வரும் வாகனங்களைக் கடந்து திரும்ப வேண்டிய சந்திப்பில், அவர் இண்டிகேட்டர் போட்டு, சரியான தடத்துக்கு வந்து, கியரை இறக்கி, எதிரே வந்த வேனின் தூரத்தையும் வேகத்தையும் கணிக்காமலேயே வண்டியை உள்ளே விட்டார். பயிற்றுநர் பிரேக்கை மிதித்தார். "ஏன் சார் நிறுத்துனீங்க?" என்று அவர் கேட்டதில் கோபம் துளியும் இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது.

கை பழகிய வேலையைத் தாங்கும் மூளைப் பகுதிகளை இந்நோய் பெரும்பாலும் தாமதமாகவே தொடுகிறது. நினைவு, இடவுணர்வு, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து முடிவெடுக்கும் திறன் ஆகியவையே முன்னதாகத் தேய்கின்றன. தன் குறையைத் தானே உணரும் ஆற்றலும் அவற்றோடு மங்கிவிடுவதால், 'நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்' என்ற சொல்லை மதிப்பீட்டுக்கு ஆதாரமாகக் கொள்ள இயலாது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நோயாளி தனக்குத் தானே தரும் சான்றைக் காட்டிலும், 'இவர் ஓட்டுவது பயமாக இருக்கிறது' என்று உடனிருப்பவர் சொல்வதற்கே மதிப்பு தருகிறது. ஆனால் உடனிருப்பவர் அந்தப் பயத்தைச் சொல்லாமல், பயணத்துக்குப் பயணம் தானே சமாளித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அன்றிலிருந்து, எந்தத் தாள் தேர்வுக்கும் முன்பாக, "நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எதையெல்லாம் எடுத்துச் சொல்வீர்கள்?" என்று குடும்பத்தாரைத் தனியே அழைத்துக் கேட்டுவிடுகிறேன்.

வாகனம் ஓட்டுவதை நிறுத்தும்படி அறிக்கை தந்த அன்று பெரியவர் நெடுநேரம் வாதாடினார். அந்த அம்மா வெளியே வந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு வருஷமா நான்தான் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டு வர்றேன். அப்ப நான்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேனா?"