காய்ச்சலோட வர்ற கர்ப்பிணிகிட்ட நான் கேக்குற கேள்வி

பிரசவ வார்டுல காய்ச்சல்னு வர்றவங்களுக்கு முக்கால்வாசி யூரின் இன்ஃபெக்‌ஷனோ சாதாரண வைரல் காய்ச்சலோதான் இருக்கும். ஆனா காரணம் பிடிபடாத காய்ச்சல், கூடவே உடம்புவலி, முதுகுவலி, லேசா வயித்துப்போக்குன்னு சொன்னா எனக்கு சாப்பாடு வழியா வர்ற லிஸ்டீரியாங்கற பாக்டீரியா ஞாபகம் வந்துடும். அது தர்ற நோய் அரிதுதான், ஆனா அம்மாவுக்கு ஃப்ளூ மாதிரி வந்துட்டு போயிடுற அதே கிருமி நஞ்சுக்கொடி வழியா குழந்தைகிட்ட போச்சுன்னா கருச்சிதைவு, குறைப்பிரசவம், வயித்துலயே குழந்தை இறந்துபோறதுன்னு எதுவும் நடக்கலாம். அம்மா தெம்பா நடந்து வர்றாங்களேன்னு நம்பி அனுப்பிட முடியாது.

நேத்து என்ன சாப்டீங்கன்னு மட்டும் கேட்டா பத்தாது. சாப்ட்டு சில வாரம் கழிச்சு, சிலருக்கு 70 நாள் வரைக்கும் கூட ஆகி காய்ச்சல் வரும், அதனால போன ரெண்டு மாசத்துல காய்ச்சாத பால், அதுல செஞ்ச சாஃப்ட் சீஸ், சுட வைக்காம சாப்ட்ட பாக்கெட் இறைச்சி ஏதாவது உண்டான்னு பொறுமையா கேக்கணும். "ஃப்ரிட்ஜ்லதான் டாக்டர் வச்சிருந்தோம்"னு சொல்லுவாங்க, ஆனா இந்த கிருமி 4 டிகிரி குளிர்லயும் வளரும், நல்லா சூடு பண்ணினாதான் சாகும்.

மல டெஸ்ட்ட நம்பாதீங்க, ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், எடுக்கணும். லேப்ல சந்தேகத்த சொல்லியும் வைக்கணும், ஏன்னா மைக்ராஸ்கோப்ல இது தோல்ல இருக்குற சாதாரண கிருமி மாதிரி தெரியும், ரத்தம் எடுக்கும்போது தோல்லேர்ந்து ஒட்டிக்கிட்டதுன்னு ஒதுக்கிட வாய்ப்பிருக்கு. 38.1 டிகிரி செல்சியஸுக்கு (சுமார் 100.6 ஃபாரன்ஹீட்) மேல காய்ச்சல் இருந்து வேற காரணமும் தெரியலன்னா ரிசல்ட்டுக்கு காத்திருக்காம மருந்த ஆரம்பிச்சுடுவோம்.

அந்த மருந்து எதுங்கறதுலதான் ஜூனியர்ஸ்கிட்ட நான் ரொம்ப கண்டிப்பு. பழக்கத்துல கை செஃப்ட்ரியாக்சோன்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு போகும், ஆனா லிஸ்டீரியாகிட்ட அந்த செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்து எதுவுமே வேலை செய்யாது. ஆம்பிசிலின்தான், நரம்பு வழியா 2 கிராம் 4லேர்ந்து 6 மணி நேரத்துக்கு ஒருதடவை, குறைஞ்சது 14 நாள், பெரும்பாலும் ஜென்டாமைசினும் சேத்து. பெனிசிலின் அலர்ஜின்னா கோ-ட்ரைமாக்சசோல், அதுவும் கர்ப்பம் எத்தன மாசம்னு பாத்துதான்.

அந்த மாதிரி சாப்பாடு சாப்ட்டுட்டேன், ஆனா எந்த தொந்தரவும் இல்லன்னு பயந்துபோய் வர்றவங்களும் உண்டு. அவங்களுக்கு டெஸ்ட்டும் வேணாம் மருந்தும் வேணாம், ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா ராத்திரி எந்நேரமானாலும் வந்துடுங்க, வந்ததும் என்ன சாப்ட்டீங்கன்னு நீங்களே மொதல்ல சொல்லிடுங்கன்னு சொல்லி அனுப்புவேன்.