சர்வரில் ஜாவா செயலியை நிறுவும் செய்முறைத் தேர்வு: என் அனுபவம்

வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு செய்முறைத் தேர்வு வைத்தார்கள். மூன்று மணி நேரம். ஆளுக்கு ஒரு வெற்று உபுண்டு மெஷின், ஒரு வார் ஃபைல் (ஜாவா வெப் செயலியை மொத்தமாகக் கட்டிய ஃபைல்), ஒரு மைஎஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்), ஒரு பக்கத் தாள். வார் ஃபைலுக்குள் இருந்தது ஒரு நூலகச் செயலி. அது 80ஆம் போர்ட்டில் (வெப் பக்கங்களுக்கான வழக்கமான வாசல் எண்) திறக்க வேண்டும், டாம்கேட் (ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் சர்வர்) ரூட் பயனராக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக ஓடக் கூடாது, டேட்டாபேஸ் இணைப்பை டாம்கேட்டே கொடுக்க வேண்டும், தமிழில் பதிந்த பெயர் தமிழிலேயே திரும்ப வர வேண்டும். தாளில் இருந்தது இவ்வளவுதான். முதல் முறை நான் தேறவில்லை. நான்கு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்தேன், தேறினேன். இதே மாதிரித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் முறை என்ன நடந்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பலர் விழுகிற இடம் அதுதான். புதியது நல்லது என்று நினைத்து டாம்கேட் 10ஐ இறக்கி நிறுவினேன். வார் ஃபைலைப் போட்டதும் உள்நுழைவுப் பக்கம் அழகாகத் திறந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பட்டனை அழுத்தினால் 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்ற பிழை. லாகில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவு ஃபைலில்) ஒரு பிழை கூட இல்லை. ஃபைல் பெயரை மாற்றினேன், டாம்கேட்டை அழித்துத் திரும்ப நிறுவினேன், ஜாவாவையும் மாற்றினேன். நேரம் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

காரணம் இது. ஜாவா இஇ (ஜாவா வெப் செயலிகளுக்கான பொது விதிமுறைத் தொகுப்பு) 2017இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறத் தொடங்கியது. அப்புறம் அதன் பெயர் ஜகார்த்தா ஆனது. 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9இல் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) பெயர்களும் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். எனக்குக் கொடுத்த செயலியில் சர்வ்லெட்டுகளை (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்கள்) பழைய பெயரிலான அனோட்டேஷன் (நிரலுக்குள் எழுதும் குறிப்பு) வைத்து எழுதியிருந்தார்கள். டாம்கேட் 10 அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால்தான் அனோட்டேஷன் வேண்டாத ஜேஎஸ்பி பக்கமான உள்நுழைவுப் பக்கம் திறந்தது, சர்வ்லெட் இல்லை என்று 404 வந்தது, லாகும் வாய் திறக்கவில்லை.

எனவே எதையும் நிறுவுவதற்கு முன் வார் ஃபைலைத் திறந்து பாருங்கள். அது ஒரு ஜிப் ஃபைல்தான். வெப்-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள வெப்.எக்ஸ்எம்எல்லின் தலைப்பு வரியில் வெர்ஷன் இருக்கும். 4.0 அல்லது அதற்குக் கீழே என்றால் டாம்கேட் 9. 5.0 என்றால் 10.0, 6.0 என்றால் 10.1. அந்த ஃபைலே இல்லையென்றால் கிளாஸ் ஃபைல்களில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தேடுங்கள். ஜாவா வெர்ஷனையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டாம்கேட் 10.1க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும், 9க்கு ஜாவா 8 போதும். ஆனால் செயலியை எந்த ஜாவாவில் கம்பைல் செய்தார்கள் என்பது தனிக் கேள்வி. கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61 என்று பிழை வந்தால் அது ஜாவா 17 கேட்கிறது. 55 என்றால் 11, 52 என்றால் 8. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்வது வீண் போகாது.

இரண்டாம் முறை நான் வைத்துக்கொண்ட ஒரே ஒழுங்கு: உள்ளிருந்து வெளியே வருவது, ஒவ்வொரு படியையும் சோதித்த பிறகே அடுத்த படிக்குப் போவது. முதலில் டேட்டாபேஸ். டம்பை ஏற்றி, செயலிக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அந்தப் பயனராகவே டெர்மினலில் நுழைந்து ஒரு டேபிளைப் படித்தேன். அப்புறம் வார் ஃபைல் இல்லாத வெறும் டாம்கேட். அதே மெஷினிலிருந்து கர்ல் (டெர்மினலிலிருந்து வெப் முகவரியை அழைக்கும் கட்டளை) போட்டு, டாம்கேட்டின் இயல்பான போர்ட்டான 8080இல் பதில் வருகிறதா என்று பார்த்தேன். அப்புறம்தான் செயலி. கடைசியாக என்ஜின்எக்ஸ் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி டாம்கேட்டுக்கு அனுப்பும் வெப் சர்வர்).

டாம்கேட்டுக்குத் தனிப் பயனரை உருவாக்கியதும் ஃபோல்டர் முழுவதையும் அந்தப் பயனருக்கே உரிமையாக்குங்கள். 'சும்மா ஒரு தடவை' என்று ரூட்டாக ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்காதீர்கள். கேட்டலினா.அவுட் உட்பட லாக் ஃபைல்கள் ரூட்டின் பெயரில் உருவாகிவிடும், அப்புறம் டாம்கேட் பயனரால் அதில் எழுத முடியாது. சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) சர்வீஸ் ஃபைலில் ஜாவா ஹோமை, அதாவது ஜாவா இருக்கும் ஃபோல்டரைக் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் பேஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) எழுதியது சர்வீஸுக்குத் தெரியாது. டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

செயலியைப் போட்டதும் கேட்டலினா லாகில் ஒரு வரி வந்தது: லிசனர் (செயலி தொடங்கும்போது ஓடும் கிளாஸ்) ஒன்றோ பலவோ தொடங்கவில்லை, முழு விவரம் உரிய கன்டெய்னர் லாகில் இருக்கிறது என்று. முதல் தடவை பார்க்கிறவருக்கு எந்த லாக் என்றே புரியாது. லாக்ஸ் ஃபோல்டரிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு ஒரு ஃபைல் இருக்கும். அதுதான். அதைத் திறந்து, நீண்டு கிடக்கிற பிழையில் 'காஸ்டு பை' என்று கடைசியாக வருகிற வரியைப் படியுங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனக்கு அங்கே இருந்தது, மைஎஸ்கியூஎல் டிரைவர் (ஜாவாவை மைஎஸ்கியூஎல்லோடு பேச வைக்கும் நிரல்) கிளாஸை ஏற்ற முடியவில்லை என்பது. டிரைவர் ஜார் செயலிக்குள் இருக்கத்தான் செய்தது. ஆனால் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் எழுதிய டேட்டா சோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பை) உருவாக்குவது டாம்கேட். செயலியின் லிப் ஃபோல்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஜாரை டாம்கேட்டின் சொந்த லிப் ஃபோல்டரில் வைத்து ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க வழக்கமாக ரூட் உரிமை வேண்டும். ரூட்டாக ஓடக் கூடாது, ஆனால் 80 வேண்டும் என்று தாளில் கேட்டதன் பொருள், முன்னால் என்ஜின்எக்ஸை வைத்து 8080க்குத் திருப்பிவிடு என்பதே. இரண்டு சர்வர் ஆனதும் பிழைப் பக்கம் வந்தால் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்று இருந்தால் கோரிக்கை வாசலிலேயே நின்றுவிட்டது. அப்பாச்சி டாம்கேட் என்று இருந்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது, குறை செயலிப் பக்கம். 502 வந்தால் டாம்கேட் எழவில்லை, அல்லது போர்ட் தவறு. 413 வந்தால் என்ஜின்எக்ஸின் இயல்பான 1 எம்பி பதிவேற்ற வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது தமிழ். 'கயல்விழி' என்று உறுப்பினர் பெயரைப் பதிந்தேன். பட்டியலில் தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும் குறிகளுமாக ஒரு நீண்ட வால் வந்தது. யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஃபார்ம் தரவு என்ன என்கோடிங் என்று யாரும் சொல்லாததால், டாம்கேட் 9 அதை ஐஎஸ்ஓ-8859-1 (ரோமன் எழுத்துகளுக்கான பழைய என்கோடிங்) என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகப் படித்துவிட்டது. அதன் கான்ஃப் ஃபோல்டரில் உள்ள வெப்.எக்ஸ்எம்எல்லில் செட் கேரக்டர் என்கோடிங் ஃபில்டர் தயாராகவே இருக்கிறது, கமென்ட்டுக்குள், அதாவது செயல்படாத குறிப்பாக. ஃபில்டர், அதன் மேப்பிங் என்று இரண்டு இடத்திலும் கமென்ட்டை எடுக்க வேண்டும். எடுத்து ரீஸ்டார்ட் செய்து மறுபடி பதிந்தபோது கயல்விழி முழுதாக வந்தாள். அந்த நிமிடத்தில் வந்த சந்தோஷம் தேர்வு முடிவு வந்தபோது கூட வரவில்லை. டேபிள்கள் யூடிஎஃப்8எம்பி4இல் (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து நிமிடம் மீதம் இருந்தது. நான் மெஷினை ரீபூட் செய்தேன். பக்கத்தில் இருந்தவர் பயந்துபோய்ப் பார்த்தார். மெஷின் வந்தது, 80இல் 502. சர்வீஸை ஸ்டார்ட் மட்டும் செய்திருந்தேன், எனேபிள் (மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும்படி) செய்யவில்லை. எனேபிள் செய்து, மைஎஸ்கியூஎல்லுக்குப் பிறகே டாம்கேட் தொடங்கும்படி சர்வீஸ் ஃபைலில் ஒரு வரியும் சேர்த்து, இன்னொரு முறை ரீபூட் செய்தேன். தானாக வந்தது. மதிப்பிட வந்த மேடம் எதையும் கேட்காமல் முதலில் செய்த காரியம், ரீபூட் என்று டைப் செய்ததுதான்.

தயாரிப்பு பற்றி. விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வெற்று உபுண்டுவை ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலைக்கே திரும்ப உதவும் பதிவு) எடுத்து வைத்தேன். மாலையில் நிறுவுவேன், இரவில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கே திரும்பிவிடுவேன். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கடைசி வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. எல்லாம் சரியாக ஓடுகிற நாளில் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பார்த்தேன்: பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை மாற்றுவது, ஜாரை எடுத்துவிடுவது. எந்தத் தவறுக்கு எந்த லாகில் என்ன வருகிறது என்று நோட்டில் எழுதினேன். எங்களுக்குக் கையால் எழுதிய நோட்டை அனுமதித்தார்கள். உங்களுக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் சர்வீஸ் ஃபைலை முழுதாக முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.