பரங்குன்றத்திலிருந்து பழநிக்கு: எந்தப் பையில் எது?

மதுரையிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்களுக்குத் திண்டுக்கல் வரை ஒரு ரோடு, அதற்கப்புறம் வேறொரு ரோடு. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. முதல் பாதி சுமார் 65 கிலோமீட்டர், அடுத்தது 60 சொச்சம். ஆனால் முதல் பாதி நான்குவழிச் சாலை. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு என்று ஊர்களெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, நமக்குத் துணை லாரிகள்தான். திண்டுக்கல்லில் நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடிகளும் மற்ற ஊர்க் கூட்டமும் வந்து சேர்ந்துவிடும். தைப்பூச நாட்களில் அங்கிருந்து பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். ஆகவே என் கணக்கு இதுதான்: தின்பண்டம் திண்டுக்கல் வரைக்கும், அதற்கப்புறம் காலுக்கு வேண்டியது மட்டும்.

எங்கள் குழு கிளம்புவது திருப்பரங்குன்றத்திலிருந்து. முதல் படைவீட்டில் கும்பிட்டுவிட்டு மூன்றாம் படைவீட்டுக்கு நடப்பதில் ஒரு முறை இருக்கிறது என்பார் எங்கள் குருசாமி. பரங்குன்றத்தில் மூலவர் மலையைக் குடைந்த திருமேனி என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். அந்த வேலைப் பார்த்துவிட்டு, பச்சைச் சேலையும் துளசி மாலையுமாக வெளியே வரும்போது யாராவது ஒருவர் "வெற்றிவேல்" என்பார், தெருவே "வீரவேல்" என்று திருப்பிச் சொல்லும். அப்போது உடம்பில் ஏறுகிற தெம்பை நம்பி, ஆளாளுக்குத் தோளில் ஆறு கிலோ ஏற்றிக்கொள்வார்கள். விளாங்குடி தாண்டியதும் அது தெரிந்துவிடும்.

கூடவே ஒரு குட்டியானை வண்டி வரும். பாத்திரம், அடுப்பு, போர்வை, எல்லாருடைய பெரிய பையும் அதில்தான். பலர் மறந்துவிடுவது, வண்டி நம்மோடு நடக்காது. அது முன்னாலேயே போய் அடுத்த மண்டபத்தில் உலை வைத்துவிடும். நடுராத்திரி அம்மையநாயக்கனூர்ப் பக்கம் பனியில் பல் தந்தியடிக்கும்போது, ஸ்வெட்டர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அதனால் தோளில் போடும் துணிப்பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஒரு குல்லா அல்லது கம்பளித் துண்டு, டார்ச், ஒரு ஜோடி காலுறை, ஊசி, பிளாஸ்டர், தேங்காய் எண்ணெய் சின்னக் குப்பியில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சாப்பிட வறுகடலையும் கடலைமிட்டாயும் பேரீச்சையும். பிஸ்கட் வேண்டாம், நொறுங்கிப்போகும், தாகமும் எடுக்கும்.

"தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்கவா சாமி?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டதற்குக் குருசாமி, "ஒண்ணு போதும் ஆத்தா. ரெண்டு லிட்டர் தூக்குனா அந்தக் கனத்துக்கே ஒரு லிட்டர் குடிக்கணும்" என்றார். சிரித்தோம், ஆனாலும் சரிதான். நான்குவழிச் சாலையில்கூடப் பெட்ரோல் பங்க்கில் நிரப்பிக்கொள்ளலாம்.

நடக்கும் நேரம் விடியலுக்கு முன் மூன்று மணியிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை. அப்புறம் வெயில் தாழ்ந்து இரவு வரை. இருட்டில் வண்டிகளுக்கு எதிர்முகமாகச் சாலையின் வலது ஓரம் நடப்பதும், பை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வழிபாட்டைப் போலவே முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த ஓரமாகவே போனால் விடியும்போது வலப்பக்கம் சிறுமலை நீலமாக எழுந்து வரும். யாரும் சொல்லாமலே "அரோகரா" என்று வாய் சொல்லிவிடும்.

இப்போது கால். செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குப் பத்து மணித் தார் ரோடு தோசைக்கல். ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு. அதனால்தான் சாமிகள் எல்லாரும் அந்தக் கோட்டில் வரிசையாகப் போவது. காலுறை போட்டால் விரதம் கெட்டுவிடுமா என்று சிலர் தயங்குவார்கள். முருகன் நம் காலைக் கேட்கவில்லை, நடையைத்தான் கேட்டான். கனமான பருத்தியில் வாங்குங்கள். கரடுமுரடான ரோட்டில் ஒரு ஜோடி ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஈரமான காலுறையோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். ராத்திரி மண்டபத்தில் உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பது சுகம்தான். அதைப் படுக்கும் முன் செய்து, துடைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது ஊறவைத்தால் தோல் இளகி, அடுத்த ஊருக்குள் உரிந்துவிடும். கொப்புளம் வந்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விடலாம், தோலைப் பிய்க்கக் கூடாது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சேலைக்குள் பாவாடைக்குப் பதில் முழங்கால் வரை வரும் பருத்திக் கால்சட்டை போட்டால் தொடை உரசிப் புண்ணாகாது. எந்த ஊரில் குளியலறையும் கழிப்பறையும் உள்ள மண்டபம் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டுதான் தங்கும் இடத்தையே முடிவு செய்கிறோம். ஆண்கள் போட்ட திட்டத்தில் இது இருக்காது.

திண்டுக்கல்லில் என் நாத்தனார் வீடு. ஒரு வாரம் முன்னால் பஸ்ஸில் போகிறவர்களிடம் ஒரு கட்டைப்பை கொடுத்தனுப்பிவிடுவேன். துவைத்த சேலை, புதுக் காலுறை இரண்டு ஜோடி, கிரேப் பேண்டேஜ், சார்ஜ் ஏற்றிய பவர்பேங்க், உண்டியலுக்கும் வழியில் பிச்சை கேட்பவர்களுக்கும் பத்து ரூபாய்த் தாள்கள். வியர்த்த துணியும் மிச்சக் கடலையும் அதே பையில் அவளிடமே தங்கிவிடும். உறவினர் இல்லாதவர்கள் வண்டிப் பையை இரண்டாகக் கட்டி, ஒன்றின் மேல் "திண்டுக்கல்" என்று எழுதிவிட்டால் போதும். இருட்டில் மொத்தப் பையையும் கொட்டித் தேட வேண்டாம்.

அங்கிருந்து ஓரத்தில் பாதயாத்திரைக்கென்றே நடைபாதை உண்டு. சுக்குக்காபி, எலுமிச்சை சாதம், நீர்மோர் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். வாங்காமல் போனால் வருத்தப்படுவார்கள். எல்லாப் பந்தலிலும் வாங்கிச் சாப்பிட்டால் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர முடியாது. அரைக் கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்வது ஒரு கலை.

ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சிப் பக்கம் வரும்போது பை காற்றாக இருக்கும். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன மலைவாழையின் ஊர். கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்ததும் இந்தப் பாளையம்தான். கால் வலியைப் பற்றி அங்கே யாரும் பேசாதிருப்பது நல்லது.

தரிசனத்துக்கென்று ஒரு சேலை வண்டிப் பையில் கட்டு பிரிக்காமல் இருக்கட்டும். இடும்பன் குளத்தில் குளித்து அதைக் கட்டிக்கொண்டு மலை ஏறலாம். அவ்வளவு தூரம் நடந்த முட்டிக்குப் படியைவிட யானைப்பாதை இதம். பூசத்தன்று விஞ்ச் வரிசையில் நிற்கும் நேரத்தில் நடந்தே ஏறிவிடலாம். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் கைப்பேசிக்குத் தடை. அதைக் கீழேயே வண்டியில் வைத்துவிட்டு, எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ராஜ அலங்காரமோ ஆண்டிக் கோலமோ, நமக்குக் கிடைப்பது சில நொடி. நான் அந்த நேரத்தில் எதுவும் கேட்டதில்லை. கேட்க நினைத்தது ஞாபகத்துக்கு வருவதற்குள் வரிசை தள்ளிவிடும்.

இறங்கியதும் வேண்டியது செருப்பு. வண்டிப் பையில் மேலாக வையுங்கள். மதுரை பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு, ரயில் நேரத்தை வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. காலியான தோள்பையில் பஞ்சாமிர்த டப்பாவை அடுக்கும்போது, நாத்தனாருக்கு ஒன்று தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.