தஜ்ஜாலின் நாற்பது நாள்

உலக முடிவுக்கு முன் வரும் பெரும் பொய்யன் தஜ்ஜால் என்றதும் ஒற்றைக்கண் படங்களைத் தேடி ஓடுகிறோம். வலக்கண் துருத்திய திராட்சை போல் இருக்கும் என்று ஹதீஸ் (நபிமொழி) சொல்வது உண்மைதான். ஆனால் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அறிவிப்பதைப் படியுங்கள். தஜ்ஜால் பூமியில் தங்குவது 40 நாள். முதல் நாள் ஒரு வருடம் போல, இரண்டாவது மாதம் போல, மூன்றாவது வாரம் போல, மீதி 37 சாதாரண நாள்கள். உடனே தோழர்கள் கேட்டது என்ன தெரியுமா? வருடம் போன்ற அந்த நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகை போதுமா என்று! போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்றார்கள் நபி (ஸல்). எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அவனிடமிருந்து பாதுகாப்புக்கு குர்ஆனின் கஹ்ஃப் சூராவின் (அத்தியாயத்தின்) முதல் 10 வசனங்களை மனனம் செய்யுங்கள். தொழுகையில் கடைசி இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்துக்குப் பின், ஸலாம் கொடுக்கும் முன், நான்கு விஷயங்களிலிருந்து பாதுகாவல் தேடும் துஆவை (பிரார்த்தனையை) ஓதுங்கள்: நரக வேதனை, கப்ரு (மண்ணறை) வேதனை, வாழ்வு மரணச் சோதனை, தஜ்ஜாலின் குழப்பம். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான்.

தஜ்ஜால் வந்ததாகக் கேள்விப்பட்டால் விலகிப் போங்கள், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். தன்னை மூமின் (இறைநம்பிக்கையாளன்) என நம்பிப் போனவனே சந்தேகத்தில் சிக்கி அவனைப் பின்பற்றிவிடுவான் என்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.