கோல்காவலனும் நானும்: செந்தூல் திடல் நாட்குறிப்பு

2025 ஜூலை 7, திங்கள்

மூன்றரை மணிக்கே வானம் கறுத்தது. முதல் இடி கேட்டதும் பள்ளிக் கால்பந்து அணிப் பையன்களை மண்டபத்துக்கு அனுப்பினேன். கோலாலம்பூர் மின்னலுக்குத் திறந்த திடலில் யாரையும் நிறுத்த மாட்டேன். ஆகவே விதி வகுப்பு. பினால்டி உதைக்கு முன்பெல்லாம் கோல்காவலர் இரு பாதங்களையும் கோல் கோட்டில் வைத்திருக்க வேண்டும். 2019 முதல், பந்து உதைபடும் நொடியில் ஒரு பாதம் இருந்தால் போதும். படிவம் நான்கில் படிக்கும் கோல்காவலன் மட்டும் மூன்று கேள்விகள் கேட்டான். மற்றவர்களுக்கு அவசரம், மழை எப்போது விடும் என்று.

ஜூலை 9, புதன்

இன்று முழுவதும் அவனோடுதான். நெஞ்சுக்கு வரும் பந்தைப் பிடிக்கும்போது கட்டைவிரல்கள் இரண்டும் பந்துக்குப் பின்னால் நெருங்கியிருக்க வேண்டும். விலகினால் பந்து நழுவி உள்ளே போய்விடும். இடுப்புக்குக் கீழே வந்தால் கை தலைகீழாகும், சுண்டுவிரல்கள் சேர வேண்டும். திரும்பத் திரும்ப உருட்டினேன், உதைத்தேன். அவன் கையுறையின் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து நூல் தெரிகிறது.

பள்ளி அணிகளில் ஓட முடியாதவனைக் கோலில் நிறுத்தும் வழக்கம் எனக்கு ஆறாத ஆத்திரம். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதைத் தனியாகக் காப்பவனுக்குத்தான் பயிற்சியில் கடைசி இடம்! நம் ஆர். ஆறுமுகத்தைப் பற்றிச் சொன்னேன். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கோல்காவலர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் அங்கே ஆடவே இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னும் கொஞ்சம் உதையுங்கள் சார்" என்றான்.

ஜூலை 12, சனி

நட்பு ஆட்டம், 0-1 தோல்வி. கோல் விழுந்தது தற்காப்பு வரிசை தூங்கியதால். அதற்குமுன் எதிரணி முன்னணி வீரன் தனியாக ஓடிவந்தபோது, நம்மவன் கோட்டிலேயே நிற்காமல் ஆறேழு அடி முன்னே வந்து கோணத்தை அடைத்தான். பந்து முழங்காலில் பட்டு வெளியே போனது. எனக்கு அதுதான் இன்றைய ஆட்டம்.

ஜூலை 14, திங்கள்

பையனின் அம்மா வந்திருந்தார். "அடுத்த வருடம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு, சார். புதன்கிழமை கணித டியூஷன். பந்தை விடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான்."

"விடச் சொல்ல மாட்டேன், அம்மா. டியூஷனைத் தவறவிடவும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று மட்டும் கேட்டார். ஆறரைக்குள் என்று வாக்குக் கொடுத்தேன்.

கோல்காவலர் பயிற்சி இனிச் செவ்வாய்க்கிழமை. நாளையே தொடக்கம். கையுறைக்குப் பள்ளி விளையாட்டுக் குழுவிடம் விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன்.